வலது கால் பெரம்பலூர், இடது கால் அரியலூர்

ரத்தினம்மாளுக்கு வலித்தது வலது குதிகால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வரப்போகும் படித்தவர்கள் யாருக்கும் அந்தக் குதிகாலைப் பற்றிப் பேச நேரம் இருக்கப்போவதில்லை.

அவள் கொசுப்புழு தேடும் வேலை பார்க்கிறாள். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், அவள் பிழைப்பு இன்னும் அங்கேதான். ஒரு நாளைக்கு அறுபது வீடு. தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் டயர் என்று எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்து, புழு இருந்தால் கொட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டு வர வேண்டும். அறுபது வீடு என்றால் அறுபது வாசல். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். தொட்டியில் புழு இருப்பதைக்கூட நம் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். செருப்போடு கூடத்துக்குள் வந்தால் பொறுக்க மாட்டார்கள்.

தினக்கூலி வேலை. ஒரு வாரம் வராவிட்டால் பட்டியலில் வேறு பெயர் ஏறிவிடும். ரத்தினம்மாள் நொண்ட ஆரம்பித்த மறுநாளே இரண்டு பெண்கள் சூப்பர்வைசர் கலைச்செல்வனுக்கு வணக்கம் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே கால் சரியாக வேண்டும், அதுவும் சீக்கிரம் சரியாக வேண்டும்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மகள் சத்யப்பிரியா எடுத்துக்கொண்டாள். அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

"எலும்பு டாக்டர் வேற, பாத டாக்டர் வேறம்மா. பாதத்துக்குன்னே தனியாப் படிச்சவங்க இருக்காங்க. போனில பாத்துட்டேன், நாலு புள்ளி ஒம்போது ஸ்டார்."

"காலு சரியாச்சுன்னு யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

சத்யப்பிரியா தேடிப் பார்த்தாள். ஒருவர் ஏசி நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் கார் நிறுத்த இடம் தாராளம் என்றார். மூன்றாவது ஆள், டாக்டர் மிகவும் அன்பானவர், அடுத்த முறையாவது அவரைப் பார்ப்பேன் என்று நம்புகிறேன் என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். குணமானவர்கள் நடந்து போய்விட்டதால் எழுத நேரமிருந்திருக்காது என்று தாயும் மகளும் முடிவு செய்தார்கள். இப்படித்தான் அவர்கள் பெரம்பலூரில் உள்ள பாதாரவிந்தம் பன்னாட்டுப் பாத நல நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாசலில் பெரிய பலகை: 'பாதம் பேணும் புனித இடம். காலணிகளை வெளியே விடவும்.' உள்ளே ஐஸ் கட்டிபோல் குளிர்ந்த கிரானைட் தரை. ஒரு கவுண்டருக்கும் அடுத்த கவுண்டருக்கும் நாற்பதடி. கால் வலிக்காரர்கள் எல்லோரும் வெறுங்காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்பதடியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கால்?" என்றாள் பதிவுக் கவுண்டர் பெண்.

"வலது காலுங்க."

"நல்லவேளை, சரியான ஊருக்கு வந்திருக்கீங்க. வலது கால் மட்டும்தான் பெரம்பலூர். இடது காலுக்கு எங்க அரியலூர் பிராஞ்ச். மாவட்டம் ரெண்டாச்சுல்ல, நிர்வாக வசதிக்கு நாங்களும் பிரிச்சிக்கிட்டோம்."

"எனக்கு எடது காலு வலிக்கலைங்களே."

"வலிக்காத காலோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தானேம்மா வலிக்கிற கால் எவ்வளவு வலிக்குதுன்னு தெரியும்? அடுத்த வாரம் அரியலூர் போயிடுங்க." அந்தப் பெண் சத்யப்பிரியாவைப் பார்த்தாள். "நீங்க வெளியில உக்காருங்க. ஒரு பேஷண்டுக்கு ஒரு அட்டெண்டர்தான்."

"நான் ஒருத்திதானே வந்திருக்கேன்?"

"இந்தக் கிளையில வலது கால்தான் பேஷண்ட். இடது கால் கூட வந்திருக்கு இல்லையா? அதுதான் அட்டெண்டர்."

சத்யப்பிரியா வெளியே போய் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவளுக்கே இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

அடுத்தது ஸ்கேன் அறை. அங்கே விக்கி என்ற டெக்னீஷியன் இருந்தான். கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் ஏறி நின்றால் பாதம் திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரியும். விக்கி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கேள்வியாக அழுத்திக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான்.

"மெட்டல் இருந்தா மிஷின் ஏத்துக்காது மேடம். கால் விரல்ல இருக்கிற ரிங்கைக் கழட்டிருங்க."

"ரிங்கு இல்ல தம்பி, மெட்டி. அதக் கழட்டக் கூடாது."

"ஏன் மேடம்?"

"வூட்டுக்காரரு நல்லா இருக்காருல்ல."

விக்கி திரையைப் பார்த்தான். 'உலோகப் பொருட்கள் கழற்றப்பட்டனவா?' என்ற கேள்விக்குக் கீழே 'ஆம்' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. வீட்டுக்காரர் நல்லா இருக்கிறார் என்பதற்குப் பொத்தான் இல்லை. 'ஆம்' அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வரும். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். விக்கி 'ஆம்' அழுத்தினான். அந்த நிமிடத்திலிருந்து, பாதாரவிந்தத்தின் ஆவணப்படி, ரத்தினம்மாள் காலில் மெட்டி கிடையாது.

டாக்டர் குருமூர்த்தியின் அறையில் அகலமான மேஜை. அதன் ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நோயாளி, நடுவில் திரை. ரத்தினம்மாள் உட்கார்ந்ததும், வலிக்கிற இடத்தைக் காட்டலாம் என்று புடவையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலைத் தூக்கினாள். டாக்டர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"என்னம்மா இது, காலைப் போய் நீட்டறீங்க? பெரியவங்க முன்னால காலை நீட்டலாமா? மேஜையில படிப்பு சம்பந்தப்பட்டது எல்லாம் இருக்கு."

"மன்னிச்சுக்குங்க சாரு," என்று அவள் பதறிப்போய், மேஜை விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "காலு டாக்டருன்னாங்க, அதான்."

"நான் தொட்டுப் பார்க்கிற டாக்டர் இல்லம்மா. தொட்டுப் பார்க்கிறதுக்கு டாக்டர் எதுக்கு, எல்லாருக்கும் கை இருக்கு. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு காலைக்கூட நேரில பார்த்ததில்லை. நேரில பார்த்தா ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் விஞ்ஞானத்துக்கு எதிரி." இதைச் சொல்லிவிட்டு அவர் திரையைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். "இரண்டாவது விரல்ல முழு வட்டமா ஒரு கடின வளர்ச்சி இருக்கே!"

"அது மெட்டிங்க சாரு."

"மெட்டல் எல்லாம் கழட்டியாச்சுன்னு ஃபார்ம் சொல்லுது."

"கழட்டலைங்க."

"கழட்டலைன்னா மிஷின் ஓடியிருக்காதும்மா. ஓடியிருக்கு பாருங்க." அவர் கனிவாகச் சிரித்தார். "நோய் வந்தவங்க முதல்ல இப்படித்தான் மறுப்பாங்க. புத்தகத்திலேயே இருக்கு."

மறு வாரம் அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்த பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்து, வலிக்காத இடது காலை அவள் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கேயும் அதே கேள்வி, அதே ஒற்றைப் பொத்தான். இடது கால் இரண்டாவது விரலிலும் முழு வட்டம். இரண்டு கிளைகளும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொண்டன. நோய்க்கு 'வளைய விரல் நோய்' என்று பெயர் வைத்தார்கள்.

மருந்து, காலணிக்குள் வைக்கும் இன்சோல். கடையில் விற்கும் அட்டை அல்ல, அவள் பாதத்துக்கென்றே அச்செடுத்துச் செய்தது. விலையைச் சொல்லப்போவதில்லை. அவள் வீட்டுக்காரர் பூமாலைக்கு இன்றுவரை தெரியாது, இந்தக் கதையை அவர் படித்தாலும் படிப்பார். வலது இன்சோல் பெரம்பலூரில் தயாரானது, இடது இன்சோல் அரியலூரில். இரண்டிலும் வளையத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். வலதைவிட இடது இன்சோல் ஒரு விரற்கடை உயரம். எழுதிக் கேட்டதற்கு, கிளைகளுக்குத் தனித்தனித் தன்னாட்சி உண்டு என்று பதில் வந்தது.

"ரப்பர் செருப்புக்கு இது பொருந்தாது. லேஸ் வச்ச ஷூ வாங்கிக்குங்க," என்றார் டாக்டர். "முக்கியமா ஒண்ணு. இனிமே வெறுங்காலோட ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளகூட."

ரத்தினம்மாள் குனிந்து கிரானைட்டில் நின்றிருந்த தன் வெறுங்கால்களைப் பார்த்தாள். "இங்க வந்ததுலேர்ந்து வெறுங்காலுதானுங்க சாரு."

"அது எங்க விதிம்மா. இது உங்களுக்கு அறிவுரை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

குழப்பிக்கொள்ளாமல் வேலைக்குப் போனாள். முதல் வாசலில் இரண்டு ஷூ லேஸையும் அவிழ்த்து, உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்து, வெளியே வந்து, படியில் உட்கார்ந்து முடிந்தாள். இருபது அடி நடந்தால் இரண்டாவது வாசல், மறுபடி அவிழ்த்தாள். இன்சோல் இருந்ததெல்லாம் தெருவில், அவள் இருந்ததெல்லாம் வீடுகளுக்குள். ஷூவைப் பார்த்த ஒரு கிழவர் எந்த ஸ்டேஷன்லேர்ந்து வர்றீங்க என்று கேட்டு, பேரன்மேல் ஒரு புகாரும் கொடுத்தார். மாலைக்குள் முப்பத்தொரு வீடுதான் முடிந்தது. குதிகால் வலி அப்படியே இருக்க, உயர வித்தியாசத்தில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் இப்படியே ஓடியது.

"அறுபதுக்கு முப்பத்தொண்ணா?" என்றார் சூப்பர்வைசர் கலைச்செல்வன். கெட்டவர் இல்லை, மேலே கணக்கு அனுப்ப வேண்டியவர். "உடம்புக்கு முடியலைன்னா டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா. மேல காட்டிக்கிறேன். கொஞ்ச நாளைக்கு வீட்டைக் குறைச்சிப் போடலாம்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. டாக்டர் குருமூர்த்தி ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழில் சுருக்கம் தந்தார்: 'வளைய விரல் நோய் தொற்றக்கூடியதா என்பது ஆய்வில் உள்ளது. முழுக் குணம் என்று இந்நிறுவனம் சான்று தரும்வரை இவர் பிறர் வீடுகளுக்குள் செல்லத் தகுதியற்றவர்.'

கலைச்செல்வன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு எட்டு தள்ளி நின்றார். "நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பத்து நாளைக்கு உன் பேரை வச்சிருக்கேன். அதுக்குள்ள குணமாச்சுன்னு கொண்டா. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க."

இதற்கிடையில் பாதாரவிந்தம் சும்மா இருக்கவில்லை. இரண்டு மாவட்டத்திலும் இலவச முகாம் போட்டு, அகப்பட்ட பாதத்தையெல்லாம் ஸ்கேன் எடுத்திருந்தது. முடிவை அறிவிக்க அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு. முதல் நோயாளி என்ற முறையில் ரத்தினம்மாளையும் மேடையில் உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் எதிரில் கால் தெரியக் கூடாது என்று அவள் பாதத்தின் மேல் ஒரு பட்டுத்துணி போர்த்தினார்கள். டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நானூற்றுப் பன்னிரண்டு பெண்களைச் சோதித்தோம். திருமணமாகாத ஒருவருக்கும் இந்த நோய் இல்லை. திருமணமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு இருக்கிறது. காரணம் என்ன? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த அரியலூர் கடலாக இருந்தது. வட்ட வட்டமாக நத்தைகள் இங்கே பாறையில் உறைந்துபோய்க் கிடக்கின்றன. அதே சுண்ணாம்பு, அதே வட்டம், இன்று நம் சகோதரிகளின் விரலில்! என் வீட்டை மட்டும் விட்டுவிடுமா? என் மனைவியைச் சோதித்தேன். அவருக்கும் பாசிட்டிவ். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. விஞ்ஞானம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது."

கைதட்டல் அடங்கியதும் அவர் குஞ்சம்மாள் என்ற பெண்ணை மேடைக்கு அழைத்தார். உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலாளி.

"இவர் இரண்டு மாதம் முன்பு பாசிட்டிவ். சென்ற மாதம் நெகட்டிவ். எந்த மருந்தும் இல்லை, எந்த இன்சோலும் இல்லை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். கணவர் காலமாகிவிட்டார். இப்படிப் பதினேழு பெண்கள் தாமாகவே குணமடைந்திருக்கிறார்கள். ஆகவே, நோயைப் பரப்பும் காரணி கணவர் என்ற முடிவுக்கு இந்நிறுவனம் வந்திருக்கிறது!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கணவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். குஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று தொகுப்பாளர் மைக்கில் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் ஆத்திரமாக வந்தது. ரத்தினம்மாளுக்கும் வந்திருக்க வேண்டும். பட்டுத்துணியை உதறிவிட்டுப் போய், குஞ்சம்மாளைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தாள்.

மூன்றாம் நாள் பூமாலைக்குத் தபால் வந்தது. 'நோய்க்காரணி அடையாளச் சான்றுடன் நேரில் வரவும்.' அவர் மக்காச்சோளக் காட்டில் கூலி வேலைக்குப் போகிறவர். மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப நான் செத்தாத்தான் ஒனக்குக் காலு சரியாவும்ங்கிறானுவ."

"வாயக் கழுவுங்க."

"ஏன்டி, மெட்டியத்தானே பாத்துப் பயப்படுறானுவ? கழட்டிட்டுப் போயி நில்லேன்."

"இருபத்தி ரெண்டு வருசமாக் கழட்டுனதில்ல."

"பத்து நாள்ல நாலுதான் மிச்சம். வேல போனா புள்ளைக்கு யாரு ஃபீஸ் கட்டுறது? கழட்டுனதும் பொசுக்குன்னு போயிட மாட்டேன். நானும் வரேன், வெளிய நிக்கிறேன்."

மறுநாள் இருவரும் பெரம்பலூர் வந்தார்கள். பாதாரவிந்தத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்து ரத்தினம்மாள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் திரும்பி வரும்வரை ரோட்டைக் கடக்கக் கூடாது. மின்கம்பத்துப் பக்கம் போகக் கூடாது. வடை தின்னக் கூடாது, விக்கிக்கொள்ளும். பூமாலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

உள்ளே ஸ்கேன் அறைக்கு முன்னால் முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியும் இன்னொருத்தியைப் பார்க்கவில்லை. தன் முறை வரும்போது ஒவ்வொருத்தியும் சுவர்ப்பக்கம் திரும்பிக் குனிந்து, எதையோ உருவி, முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். ரத்தினம்மாளும் குனிந்தாள். லேசில் வரவில்லை. எச்சில் தொட்டுத் திருகியதும் வந்தது. விரலில் அந்த இடம் வெள்ளையாக, தொட்டாலே கூசுகிற மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பூமாலை பெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டீகூடக் குடிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே அரியலூர் போய் இடது காலுக்கும் இதையே செய்தார்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் மறக்காமல் இரண்டு மெட்டியையும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பெரம்பலூரில் டாக்டர் குருமூர்த்தி திரையைப் பார்த்து இரண்டாவது முறையாக எழுந்து நின்றார். "கரைஞ்சிருச்சு! சுவடே இல்லை. ஆறே வாரத்தில நம்ம இன்சோல் சாதிச்சிருச்சும்மா. இந்த வாரம் மட்டும் நூத்துப் பத்துப் பேருக்குக் கரைஞ்சிருக்கு. கணவர் கோட்பாட்டை நான் திரும்ப வாங்கிக்கலாம், வீட்டிலயும் அது கொஞ்சம் சங்கடமா இருந்தது." அவர் சான்றில் கையெழுத்துப் போட்டார். 'முழுக் குணம். வலி இல்லை. வேலைக்குத் தகுதியானவர்.'

"வலி இருக்குதுங்க சாரு."

"ரிப்போர்ட்ல இல்லையேம்மா."

"குதிகாலுலங்க. மொதல்லேர்ந்து அங்கதான் வலிக்குது."

டாக்டர் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார். "குதிகாலா? அதுக்கு நீங்க இங்க பதிவே பண்ணலையே."

ஒன்பதாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். கலைச்செல்வன் சான்றைப் படித்துவிட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஷூவை வீட்டிலேயே போட்டுவிட்டு, பழைய ரப்பர் செருப்போடு அவள் தெருவில் இறங்கினாள். முப்பத்தெட்டு வீடு வரை பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். முப்பத்தொன்பதாவது வீட்டு வாசற்படியில் அதற்குமேல் முடியாமல் உட்கார்ந்து, குதிகாலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே வண்டியில் வந்த கலைச்செல்வன் நிறுத்தினார். "என்னம்மா உக்காந்துட்ட? வலி இல்லைன்னு லெட்டர்ல தெளிவாப் போட்டிருக்கே."

"ஆமாங்க சார். வலி இல்லாதது அந்த லெட்டருக்குத்தானே? மிச்சம் இருபத்திரெண்டு வீட்டையும் அதையே போயிப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

கலைச்செல்வன் பையிலிருந்த சான்றை எடுத்துப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு நின்றார். ரத்தினம்மாள் எழுந்திருக்கவில்லை. குதிகாலை மடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டு முழுசாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். வலி கொஞ்சம் அடங்கியது. இரண்டு மாவட்டமும் இரண்டு கிளையும் ஒரு கருத்தரங்கும் சேர்ந்து மூன்று மாதம் வைத்தியம் பார்த்ததில், அந்தக் குதிகாலை ஒரு மனுஷக் கை தொட்டது அன்றைக்குத்தான்.